அட்டைக்கு முப்பது அறை

ஹாலைப் பெரிதாகக் காட்டுவது எப்படி என்று யூடியூபில் பார்த்துப் பார்த்தே எங்கள் ஹாலைக் கெடுத்தவன் நான். சிமெண்டுத் தரைமேல் வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ் பதித்தேன். திரைச்சீலைகளைக் கழற்றினேன். தூசி சேர்கிறது என்று துணி சோபாவையும் புத்தக அலமாரியையும் வெளியேற்றினேன். கண்ணுக்கு ஹால் பெரிதாகத்தான் ஆனது. காதுக்கு அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது. கைதட்டினால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். சீரியலில் மாமியார் பேச்சின்மேல் மருமகள் பேச்சு விழ, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே அம்மாவுக்குப் பிடிபடவில்லை. "வால்யூமைக் கூட்டுப்பா" என்றாள். கூட்டினேன்; முழக்கமும் சேர்ந்து கூடியது.

விளக்கிலும் கைவரிசையைக் காட்டினேன். ஃபால்ஸ் சீலிங் முழுக்க 6500 கெல்வின் எல்இடி. "ஏங்க, ஆபரேஷன் எத்தனை மணிக்கு?" என்றாள் மனைவி. கெல்வின் ஏற ஏற வெளிச்சம் கதகதப்பாகும் என்று நினைத்திருந்தேன். ஏறுவது நீலம்தான். வீட்டுக்கு இதமான மஞ்சள் 2700, 3000 பக்கம் இருக்கிறது என்பது பில் கட்டிய பிறகு தெரிந்தது.

டைல்ஸ் ஜில்லென்றிருக்கிறது என்றாள் அம்மா. "தரையும் மரக்கட்டிலும் ஒரே வெப்பநிலைதாம்மா, தரை உன் கால் சூட்டை வேகமா இழுத்துக்குது, அவ்வளவுதான்" என்று விளக்கினேன். "அப்ப நீ கீழே படு" என்றாள்.

முழக்கத்துக்கு டைல்ஸ்மேல் பழி போட்டேன். பாவம், சிமெண்டுத் தரையும் சத்தத்தை அப்படியேதான் திருப்பி அனுப்பியிருக்கும். அதுவரை விழுங்கிக்கொண்டிருந்தவை நான் துரத்திய சோபாவும் திரைச்சீலையும். இது புரியாமல் மளிகைக் கடையில் முட்டை அட்டை வாங்கிச் சுவரில் ஒட்டினேன். அந்த மெல்லிய அட்டை கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தது. கனத்த குரல்களை ஒன்றும் செய்யவில்லை. பல்லிகளுக்குத்தான் லாபம், அட்டைக்கு முப்பது அறை.

1895-ல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அரங்கம் இதே நோயில் கிடந்தது. பேசிய சொல் சுமார் 5.5 வினாடி அடங்காமல் சுற்றும். சரிசெய்யச் சொன்னார்கள், வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம். அவர் பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்துவிட்டு, விடிவதற்குள் திருப்பிவைப்பாராம். கட்டட ஒலியியலே அங்கிருந்துதான் கிளம்பியது.

படித்த அன்றே அம்மாவின் இலவம்பஞ்சு மெத்தைகளை ஹால் சுவரில் சாய்த்துவிட்டேன். சீரியல் தெளிவாகக் கேட்கிறது. விருந்தாளி வந்தால், வெயிலில் காயப்போட்டதை இப்போதுதான் உள்ளே எடுத்தோம் என்று சமாளிக்கிறேன். ஐப்பசி மழைக்கு என்ன சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.