பேடைக்கு உண்டு, சேவலுக்கு இல்லை

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

தம்பி இதை வாசித்துக் காட்டும்போது நடுநடுவே தன் சரக்கையும் சேர்ப்பான், நம்பாதே. "லண்டனுக்குப் போயும் கோழிதான் வளர்க்கிறானா?" என்று நீ சிரித்ததாகச் சொன்னான். சிரி. ஆனால் இங்கே கோழி வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. என் விசாவுக்குப் போட்டதைவிடக் கோழிக்குத்தான் அதிகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் கொல்லை ஏது? நான் இருப்பது மாடியில். நகராட்சி ஒரு பெரிய நிலத்தைத் துண்டு போட்டு, காய்கறி பயிரிட வாடகைக்கு விடுகிறது. அலாட்மெண்ட் என்பார்கள். முழுத் துண்டு என்பது பழைய கணக்கில் பத்து ராடு, அதாவது சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறு சென்ட்டும் கொஞ்சமும். எனக்குக் கிடைத்தது அதில் பாதி. அதற்கே பெயர் எழுதி வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தேன்.

அதில் கோழி வைக்கலாமா என்று பக்கத்துத் துண்டுக்காரரைக் கேட்டேன். எண்பது வயது வெள்ளைக்காரத் தாத்தா. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "1950ஆம் வருஷச் சட்டம், 12ஆம் பிரிவு" என்றார், நம் ஊர்ப் பெரியவர்கள் பட்டா எண் சொல்கிற தோரணையில். குத்தகைப் பத்திரத்தில் கூடாது என்று எழுதியிருந்தாலும் செல்லாதாம். கோழியும் முயலும் வளர்க்கச் சட்டமே உரிமை தருகிறது. யுத்தம் முடிந்து ஐந்து வருடமாகியும் முட்டைக்கு ரேஷன் இருந்த காலம் அது. யுத்தத்தின்போது வீட்டில் கோழி வளர்த்தவர்கள் தங்கள் முட்டைப் பங்கை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதில் கோழித் தீவனம் வாங்கிக்கொண்டார்களாம்.

ஆனால் அந்த உரிமை பேடைக்கு மட்டும்தான். சேவலுக்குக் கிடையாது. விடியக்காலையில் கூவினால் அக்கம்பக்கம் புகார் எழுதும். அதனால் என் கூட்டத்தில் அத்தனையும் பெண்கள். இங்கே அடை வைத்தால் எல்லாமே கூமுட்டைதான்.

முட்டையை விற்று வியாபாரம் பண்ணவும் அந்தச் சட்டம் விடாது. பெட்டிக்கடையில் முட்டை கொடுத்துப் புகையிலைக் கணக்கை நேர் செய்கிற உனக்கு இது கேவலமாக இருக்கும். நான் தாத்தாவுக்கு முட்டை கொடுக்கிறேன், அவர் எனக்குப் பூசணி கொடுக்கிறார். அது வியாபாரத்தில் சேருமா என்று இதுவரை நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

அடுத்து, அரசாங்கத்தில் பதிவு. முன்பெல்லாம் ஐம்பது பறவைக்கு மேல் இருந்தால்தான் பதிய வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் ஒற்றைக் கோழி வைத்திருந்தாலும் பதிந்தாக வேண்டும். வீட்டுக்குள்ளேயே கூண்டில் இருக்கும் கிளிக்கு விலக்கு உண்டு. எல்லாம் பறவைக் காய்ச்சல் பயம். 2022 நவம்பர் 7 முதல் அடுத்த வருஷம் ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுக்கக் கோழிகளை அடைத்தே வைக்க உத்தரவு. காட்டு வாத்து மேலே பறந்து எச்சம் போட்டால் தொற்றிவிடுமாம். தாத்தா அப்போது தன்னிடம் இருந்த கோழிகளுக்குப் பொழுது போக முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அவை எம்பி எம்பிக் கொத்தினவாம்.

இனிமேல்தான் நீ சண்டைக்கு வரப்போகிறாய். மிச்சச் சோறு போடக் கூடாது. கழனித் தொட்டியில் சேருகிற எதுவும் கூடாது. அடுப்படிக்குள் நுழைந்து வந்த எதையும் கோழிக்குப் போட்டால் குற்றம். 2001இல் இங்கே மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோமாரி வந்து அறுபது லட்சத்துக்கு மேல் கொன்று தீர்த்தார்கள். சரியாக வேக வைக்காத எச்சில் கழிவைப் பன்றிக்குப் போட்டதில்தான் அது தொடங்கியது என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. நாங்கள் சைவம் என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. பாலும் தயிரும் நெய்யும்கூட வீட்டுக்குள் வந்திருக்கக் கூடாது. நம் அய்யர் வீட்டு அடுப்படியே இந்தப் பரீட்சையில் தேறாது. பாத்தியில் பறித்த கீரையை அங்கேயே போட்டால் தீவனம். அதே கீரையை வீட்டுக்குக் கொண்டுபோய், ஆய்ந்து, தண்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் கடத்தல்.

நரியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. லண்டன் நரி பேருந்து நிறுத்தத்தில் நம்மோடு நிற்கும், அவ்வளவு தைரியம். ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிற கீரிப்பிள்ளை நாகரிகமெல்லாம் அதற்குக் கிடையாது. உள்ளே புகுந்தால் அத்தனையையும் கடித்துப் போட்டுவிட்டுத்தான் போகும். இங்கே கோழிவலை என்று விற்கிற மெல்லிய கம்பி கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நரி அதைக் கடித்தே அறுத்துவிடும். பற்றவைத்த கம்பி வலைதான் வேண்டும். அதையும் தரையில் ஒரு முழம் வெளிப்பக்கமாக மடித்துப் பதிக்க வேண்டும், தோண்டி வருமே. நீ கொடுத்தனுப்புவதாகச் சொன்ன பஞ்சாரத்தை இந்த நரி ஒரு தட்டில் கவிழ்த்துவிடும். வேண்டாம்.

பொழுது சாய்ந்தால் அடைக்க வேண்டுமே, அதுதான் பெரிய பாடு. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது, நான் ஆபீஸில் இருப்பேன். ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம், இவை அடையப் போகாது. கடைசியில் வெளிச்சம் பார்த்துத் தானே மூடித் திறக்கும் கதவு ஒன்று வாங்கினேன். விலையைத் தம்பி வாசிக்க வேண்டாம் என்று எழுதாமல் விடுகிறேன்.

கோழிகள் விலைக்கு வாங்கியவை அல்ல. முட்டைப் பண்ணையில் ஒன்றரை வயதானால் கழித்துவிடுவார்கள். அவற்றை வாங்கி வீடு தேடிக் கொடுக்கத் தர்ம ஸ்தாபனங்கள் இருக்கின்றன. வந்தபோது கழுத்தில் ஒரு இறகு இல்லை, கொண்டை வெளுத்துத் துவண்டு கிடந்தது. ஒன்று மண்ணில் ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்துப் பார்த்தது. மண்ணைக் கிளறத் தெரியவில்லை, அப்பத்தா. சாயங்காலத்துக்குள் என் வெங்காயப் பாத்தி முழுவதையும் கிளறிப் போட்டுவிட்டன.

செள்ளு இங்கேயும் உண்டு. பகலில் கட்டை இடுக்கில் ஒளிந்துகொண்டு ராத்திரி வந்து ரத்தம் குடிக்கிறது. நீ வேப்பிலைப் புகை போடச் சொல்வாய். இங்கே வேப்ப மரம் இல்லை, புகை போடவும் நேரக் கட்டுப்பாடு உண்டு.

கருப்பனுக்குச் சேவல் நேர்ந்திருப்பதாகவும், அதை நான் வளர்த்துக் கொடுத்தால் விசேஷம் என்றும் சொன்னாயாமே. சட்டம் இடம் கொடுக்காது. உன் கூட்டத்தில் நல்லதாக ஒன்றைப் பார்த்து என் பேருக்கு ஒதுக்கி வை. தீவனக் காசு தம்பி கணக்கில் போட்டுவிட்டேன். உன்னிடம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வார்த்தை சொல், அவனை நம்ப முடியாது.

உன் பேரன்