ஒன்பதாவது ஆள்

தொண்ணூறுகளில் லண்டனிலிருந்து வேல்ஸ் மலைக்குள் இருக்கும் ஸ்கந்தவேல் ஆச்சிரமத்துக்கு வான் பிடித்துப் போன சனத்துக்கு ஒரு கணக்கு மனப்பாடம். செவேர்ன் பாலத்தில் வேல்சுக்குள் நுழையத்தான் சுங்கம். திரும்பி வர ஒன்றுமில்லை. வண்டியில் ஒன்பது சீற் வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் போனால் கூடுதல். "முருகனைப் பாக்கப் போறதுக்கும் சீற் எண்ணிக் காசோ?" என்று பின்னாலிருந்து ஒரு மாமி கட்டாயம் கேட்பார்.

செலவைப் பிரிப்பது அப்போது எளிது. யாரோ ஒருவர் பெரிய வானை வாடகைக்கு எடுப்பார். அண்ணை ஒருவர் ஓட்டுவார். திரும்பும் வழியில், எல்லாரும் களைத்துக் கிடக்கும் நேரத்தில், பழைய பிஸ்கற் ரின் ஒன்று சீற் சீற்றாக நகரும். ரின் கிட்ட வரும்போது மட்டும் ஆழ்ந்த நித்திரைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு வானிலும் இருந்தார்கள். குறைந்ததை அண்ணை தன் சட்டைப் பையிலிருந்து போடுவார். அவரைச் சமாதானப்படுத்த மாமிமார் வடைப் பார்சல் கட்டிக் கொடுப்பார்கள்.

அந்த அண்ணைமார் இன்று கோயில் வாசலில் நின்று, "எங்கடை காலத்திலை இந்தச் சட்டமெல்லாம் எங்கை இருந்தது?" என்று பெருமூச்சு விடுகிறார்கள். இருந்தது. எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றும் வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால் அது பொதுச்சேவை வாகனம் என்று 1981ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. லாபம் வைக்கவில்லை என்பது சாட்டு ஆகாது. காசாகத்தான் தரவேண்டும் என்றும் இல்லை, பொருளாகவும் இருக்கலாம். அந்த வடைப் பார்சல்களை நினைத்தால் இப்போது நெஞ்சு பதறுகிறது.

தப்பும் வழியும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது: சமய, கல்வி, சமூக அமைப்புகளுக்கு 19ஆம் பிரிவு அனுமதி. அது இருந்தால் அமைப்பு, லாபம் பார்க்காமல், தன் ஆட்களிடம் காசு வாங்கலாம். வழியில் கை காட்டுபவரை ஏற்ற முடியாது. நாலு குடும்பம் தாமாகப் போய்க் கேட்டால் கிடைக்காது, அமைப்பு வேண்டும். (எங்கள் சனத்துக்கு அதுவா கஷ்டம்? இரண்டு பேர் கூடினால் மூன்று சங்கம்.)

இதில் கிழடுகளுக்கு எதிர்பாராத மவுசு. 1997க்கு முன் கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு மினிபஸ் ஓட்டும் உரிமையும் கூடவே கிடைத்தது. பிறகு எடுத்த பிள்ளைகள் சம்பளம் வாங்காமல் தொண்டாக ஓட்டலாம்; ஆனால் 21 வயது, இரண்டு வருட லைசென்ஸ், மூன்றரைத் தொன்னுக்கு மேற்படாத வண்டி என்று நிபந்தனைகள் நீளும். ஆகவே சங்கத்தில் செயலாளரைவிட மரியாதை பழைய லைசென்ஸ்காரருக்கு. அவருக்கு எழுபது வயது ஆகும் நாளை எண்ணி நிர்வாகக் குழு கவலைப்படுகிறது. அதற்குப் பிறகு மருத்துவச் சான்று இல்லாமல் மினிபஸ் இல்லை.

எங்கள் வீட்டு இளசுகள் பிடித்த வழி வேறு. எட்டுப் பயணிகளுக்கு மேற்படாத காரில் செலவைப் பிரிக்கச் சட்டமே இடம் தருகிறது: வாங்குவது ஓட்டச் செலவைத் தாண்டக்கூடாது, பயணம் தொடங்குமுன்னே பேசி முடித்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு கார்கள். பாலத்துச் சுங்கமும் 2018 டிசம்பரோடு ஒழிந்தது. பெறாமகன் பெற்றோல், தேய்மானம் எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு, முதல் நாளே வாட்ஸப்பில் ஆளுக்கு இவ்வளவு என்று அனுப்பிவிடுகிறான். யாரும் நித்திரை கொண்டு தப்ப முடியாது.

போன முறை பெரியம்மா ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து அதை முழுக்க வாசித்தார். பிறகு கேட்டார்: "மோனே, என்ரை வடையை இதிலை எங்கை கழிச்சனீ?"