ஒற்றைக் கை உக்கிராணம்

பிள்ளை பெற்ற வீட்டில், முதல் நாற்பது நாளும் அடுப்பை அதிகம் நம்பாமல் பசியாற்றிக்கொள்வதற்காக முன்கூட்டியே சேர்த்து வைக்கும் பண்டங்களைப் பேறுகால இருப்பு எனலாம். இதன் தேவை ஒரு சின்னக் கணக்கில் புரிந்துவிடும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். தடவைக்கு அரை மணி என்று வைத்தாலே 4 முதல் 6 மணி நேரம் அதற்கே சரி. மிச்ச நேரத்தில் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பதும், துணி மாற்றுவதும், நன்றாகத் தூங்குகிறதா என்று பார்க்கப் போய் எழுப்பிவிடுவதும் நடக்கும். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்குச் சுமார் 600 கிலோ கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஏறக்குறைய இன்னொரு வேளைச் சாப்பாடு. மூன்று வேளையே உட்கார்ந்து சாப்பிட வாய்க்காதவளுக்கு நாலாவதையும் எழுதிக் கொடுப்பதில் சத்துணவு அறிவியலுக்குத் தயக்கம் கிடையாது.

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். ஒரு பக்கம் கழிமுகம், ஒரு பக்கம் கடல், சுற்றிலும் துறைமுகமும் தொழிற்சாலைகளும். இங்கே இருப்பு வைப்பவர் மூன்று விஷயங்களைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். முதலாவது உப்புக்காற்று: காலையில் பொலபொலவென்று இருந்த பொடி சாயங்காலத்துக்குள் கட்டி தட்டிவிடும். இரண்டாவது மீன்: கேட்காமலே வரும். மூன்றாவது சொந்தக்காரர்கள்: அவர்களும் அப்படியே. ராயபுரத்திலிருந்து கிளம்பிய பெரியம்மா எப்போது வந்து சேருவார் என்பதை எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசைதான் முடிவு செய்யும். ஆகவே அவர் கையில் இருக்கும் தூக்குச்சட்டியை நம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திட்டம் போடக் கூடாது, ராத்திரிக்குப் போடலாம்.

இருப்பு எந்த நாளிலிருந்து தேவைப்படும் என்பதையும் கணக்கிட முடியும். 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமானால் 3 நாள் வரையிலும், அறுவை சிகிச்சையானால் 7 நாள் வரையிலும் தாய்க்கு உணவு இலவசம். ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிள்ளை பெற்றுத் திரும்புகிறவளுக்கு, ஆக, நாலாம் நாளோ எட்டாம் நாளோ வீட்டு இருப்பு நடைமுறைக்கு வரும். ஆனால் ஆயாமார் இந்தக் கால அட்டவணையை ஏற்பதில்லை. ஏழாம் மாதமே பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். "புள்ள தேதி பாத்தா வருது?" என்பது அவர்கள் வாதம். அதற்கு மறுப்பு கிடையாது.

எளிய உணவு என்றால் சமைக்க எளியது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆண்கள் சொல்லும் விளக்கம். பாலூட்டுகிறவளைப் பொறுத்தவரை எளிய உணவு என்பது ஒற்றைக் கையால் சாப்பிடக்கூடியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. குழந்தை இடப்பக்கம் குடிக்கும்போது வலக் கை ஓரளவு சும்மா இருக்கும், சோறு பிசையலாம். வலப்பக்கம் மாற்றியதும் அந்தக் கை குழந்தையின் தலைக்கு முட்டுக் கொடுக்கப் போய்விடும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்வார் மருத்துவர். இடக் கையால் சாப்பிடக் கூடாது என்பார் ஆயா. இருவரையும் மதித்தால் தாய்க்குப் பாதி நேரம் பட்டினி. உருண்டை பிடித்து வாயில் ஊட்டுவதற்கு ஓர் ஆளை அமர்த்துவது இதற்குக் குப்பத்தில் உள்ள தீர்வு. அந்த ஆள் கதை பேசிக்கொண்டே ஊட்டுவதால் பச்சை உடம்புக்காரி எத்தனை உருண்டை சாப்பிட்டாள் என்பது இருவருக்கும் தெரியாது. ஆள் இல்லாத இரவு 2 மணிக்கு உதவுவது எதுவோ அதுவே உண்மையான இருப்பு.

இந்த அளவுகோலோடு பார்த்தால் பத்தியச் சமையல் புது வெளிச்சத்தில் தெரியும். குப்பத்தில் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் கேட்கப்படும் மீன் பால்சுறா, அடுத்தது திருக்கை. பால் ஊறும் என்பது இவற்றுக்குச் சொல்லப்படும் காரணம். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். புரோலாக்டின், ஆக்சிடோசின் என்ற இரண்டு ஹார்மோன்கள் அந்த வேலையைச் செய்கின்றன என்று மருத்துவம் சொல்லும். சுறாவுக்கு அதில் என்ன பங்கு என்ற விவாதத்தில் இறங்க வேண்டியதில்லை. சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான் என்பதில் எந்த விவாதமும் இல்லை. சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, குருத்தெலும்பை உருவிப் போட்டு, சதையை உதிர்த்து, பூண்டும் மிளகும் சேர்த்து நல்லெண்ணெயில் வதக்கினால் புட்டு தயார். கண்ணை மூடிக்கொண்டே கரண்டியால் அள்ளிச் சாப்பிடலாம். கடற்கரையில் பிறந்தவர்கள் நாக்காலேயே முள் பிரிப்பார்கள் என்றாலும், தூக்கக் கலக்கத்தில் அந்த வித்தை கைகொடுக்காது. முள்ளில்லாத மீனைப் பிள்ளை பெற்றவளுக்கு ஒதுக்கி வைத்த முன்னோர், அதற்கு மருத்துவக் காரணம் ஒன்றையும் சேர்த்துச் சொல்லி வைத்தார்கள். இல்லாவிட்டால் வீட்டு ஆண்களே தின்று தீர்த்திருப்பார்கள். பெரிய சுறாக்களின் உடம்பில் பாதரசம் சேரும் என்பதால் சின்ன மீனாகப் பார்த்து, அதையும் அளவோடு சமைப்பது நல்லது.

நெத்திலி மூன்றாம் இடத்தில் வருகிறது. தலையைக் கிள்ளி எறிந்தால் மிச்சம் முழுவதும் உணவு. முள்ளும் கால்சியம் கணக்கில் சேரும். இதையே காயவைத்தால் கருவாடு. குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன்பிருந்தே, மின்சாரம் போனாலும் கெடாத இருப்பு இதுதான். உப்பும் வெயிலும் மீனின் ஈரத்தை வாங்கிவிடுவதால் கிருமி பெருக இடமில்லை. கருவாட்டுப் பானையை உலர்ந்த இடத்தில், எலிக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். மைத்துனனுக்கு எட்டாத உயரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பிரசவ லேகியம் வைத்திருந்து சாப்பிடும் பண்டங்களில் தலையாயது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை முதலானவற்றை இடித்துச் சலித்து, பனைவெல்லப் பாகில் கொட்டி, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுச் சுருளக் கிண்டுவார்கள். சாமான் வாங்க மயிலாப்பூர்க்காரர்களுக்கு டப்பா செட்டிக் கடை. வட சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனையை ஒட்டிய ராசப்பச் செட்டித் தெரு. லேகியத்தை மெல்ல வேண்டாம், பிசைய வேண்டாம், சூடாக்க வேண்டாம். நெல்லிக்காய் அளவு எடுத்து வாயில் போட்டால் போதும். ஒற்றைக் கைத் தேர்வில் முழு மதிப்பெண் பெறும் பண்டம் இது. ஒரே குறை: யார் செய்தாலும், "எங்க காலத்து லேகியம் மாதிரி இல்ல" என்று சொல்ல ஒருவர் இருப்பார். அவரே தினம் இரண்டு உருண்டை எடுத்துக்கொள்வார், வாயுத் தொல்லைக்காக.

பொடி வகைகளில் பருப்புப் பொடி, பூண்டுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஆகியவை குப்பத்து வழக்கம். வேப்பம்பூவும் சுண்டைக்காய் வற்றலும் சேர்ந்த அங்காயப் பொடி மயிலாப்பூர்ப் பக்கம். சுடுசோறு, நெய், பொடி மூன்றும் இருந்தால் ஒரு வேளை முடிந்தது. உப்புக்காற்றுக்குத் தப்ப, பொடியைச் சிறு சிறு பாட்டில்களாகப் பிரித்து இறுக மூடி வைக்க வேண்டும். ஈரக் கரண்டி போடக் கூடாது என்று பாட்டிலின் மேல் எழுதி ஒட்டலாம், பயன் இராது.

அரசும் இந்த உக்கிராணத்தில் ஒரு பங்காளி. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, அதில் 4,000 ரூபாய் பொருளாக, ஊட்டச்சத்துப் பெட்டகமாக வந்தது. சத்துமாவு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், ஆவின் நெய் என்று கர்ப்ப காலத்திலேயே கிடைக்கும். எனவே பிள்ளை பிறக்கும்போது பெட்டகத்தில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பெட்டிதான். நெய் வளைகாப்புக்கு முன்பே கேசரியாகிவிடும். டானிக் மட்டும் முழுசாக இருக்கும். 2015-இல் அரசு மருத்துவமனைகளில் தரத் தொடங்கிய குழந்தைகள் நலப் பெட்டகத்தில் 16 பொருள்கள். குழந்தைக்கு உடுப்பும் சோப்பும் கொசுவலையும் இருக்க, தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் இடம்பெற்றது. ஆயாவின் கட்சிக்கு அரசாங்கமே ஆதரவு கொடுத்த சம்பவம் இது; வீடுகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

குழந்தைக்கு என்னென்ன சேர்த்து வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை: ஒன்றும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்; ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்; தண்ணீர்கூடத் தேவையில்லை. இருந்தும் அலமாரியில் கிரைப் வாட்டரும் தேன் பாட்டிலும் பால்பவுடர் டின்னும் வந்து உட்காரும். பால்பவுடரை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அத்தைமார் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை.

அடுத்தது கசிவு, அதாவது தாய்க்கென்று வைத்தது தாயைத் தவிர மற்றவர்களிடம் போய்ச் சேருவது. பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கி வருவார்கள். பழம் குளிர்ச்சி, குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று தாய்க்குக் கொடுக்கமாட்டார்கள். பழம் வீணாகக் கூடாது என்பதற்காக மற்றவர்கள் சாப்பிடுவார்கள். கொண்டுவந்தவரே உரித்துத் தின்றுவிட்டுப் போவதும் உண்டு. பழமும் கீரையும் தண்ணீரும் தாய்க்கு அவசியம் என்று ஒவ்வொரு முறையும் செவிலியர் சொல்கிறார். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் வீட்டில் பதில் கிடைக்கிறது. ரஸ்க், பன், பிஸ்கட் ஆகியவை விருந்தினர் டீயோடு தீரும். இது குப்பத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. சீனத்துக் குவாங்டாங்கில் பன்றிக்கால், இஞ்சி, முட்டை மூன்றையும் இனிப்புக் கறுப்பு வினிகரில் ஒரு பெரிய பானை வேகவைத்துத் தாய்க்கு வைத்திருப்பார்கள். வருகிறவர்களுக்கும் அதிலிருந்தே கிண்ணம் கிண்ணமாகக் கொடுப்பார்கள். கொரியாவில் கடற்பாசி சூப். யாழ்ப்பாணத்தில் சரக்குத் தூள் போட்ட பத்தியக்கறி. அமெரிக்கர்கள் மாதக் கணக்கில் சமைத்து உறைபெட்டியில் அடுக்குகிறார்கள். பதினைந்து பேர் எட்டிப் பார்க்கும் வீட்டில் அந்தப் பெட்டி எத்தனை நாள் தாங்கும் என்பதை அவர்கள் சோதித்துப் பார்த்ததில்லை.

பருவமும் இருப்பை ஆட்டி வைக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. காசிமேட்டில் படகுகள் கட்டிக் கிடக்க, தடைக்கு உட்படாத சின்னப் படகுகளின் மீனுக்கு விலை ஏறும். குழம்புக்கு என்று வீட்டில் ஒதுக்கும் மீனை அப்போது ஏலத்துக்கு அனுப்பும் ஆசை வரும். மே மாதம் பிறக்கவிருக்கும் குழந்தைக்காக மார்ச்சிலேயே கருவாடு போட வேண்டும் என்பது இதனால் வந்த விதி. மழைக்காலம் வேறு மாதிரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவி, படகும் வலையும் கறுத்துப் போயின. கழிமுக மீனை வாங்க ஆள் இல்லை. தின்ன மனமும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் பிள்ளை பெற்றவளுக்குத் துணை, புயலுக்கு முன்பே காய்ந்து பானைக்குள் போய்விட்ட நெத்திலி. எண்ணெய்க் கழிவைப் பத்தியத்தில் சேர்க்கலாமா என்று எந்த ஆயாவிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வைக்கும் இடத்துக்கும் விதி உண்டு. அடுப்பங்கரையில் இருப்பது குடும்பத்தின் சொத்து. தாய் படுத்திருக்கும் இடத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது மட்டுமே தாயின் சொத்து. ஒரு சொம்பு வெந்நீர், வறுத்த பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், லேகியப் பாட்டில், இரண்டு வாழைப்பழம்: இந்த ஐந்தும் தலைமாட்டில் இருந்தால் இரவு ஓடிவிடும். வாழைப்பழத்தைத் துணிக்கு அடியில் வைப்பது உத்தமம். உரிக்க இரண்டாவது கை வேண்டாம், பல் போதும்.

குழந்தைக்குப் பேர் வைக்கும் நாளோடு இருப்புக் கணக்கு முடிகிறது. அன்று வாசலில் பந்தல் போட்டு, அண்டாவில் பிரியாணி வேகும். மீதமுள்ள பொடி, பூண்டு, நெய் எல்லாம் அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடும். கருவாட்டுப் பானை அடுத்த வீட்டுக் கர்ப்பிணிக்குப் போகும். தாய் அன்றைக்குப் பத்தியம் முடிந்து முதல்முறையாக இலை போட்டு உட்காருவாள். பிரியாணி பரிமாறியதும் குழந்தை அழும்.