சுவரைப் பார்த்துக் கணினி வாங்குதல்

கணினியைப் பற்றி ஆலோசனை சொல்லத் தெரியாத மச்சான் இன்னும் பிறக்கவில்லை. வீட்டில் புதுக் கணினி என்று பேச்செடுத்த மறு நிமிடம், "ஐ7 எடுங்க, கேமிங் எடுங்க, உள்ளே ஏழு கலர் லைட்டு எரியணும்" என்பார். சிரம்பான் கடைக்காரரும் ஏறக்குறைய அதையேதான் சொல்வார். அவருக்கு அது வியாபாரம், மச்சானுக்கு அது பக்தி. என் கட்சி வேறு. நெகிரி செம்பிலானில் பகாவ், ரொம்பின், லாபு என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் சரி, கணினி வாங்கப் போகிறவர் கடை ஏறும் முன் தம் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். அடுத்தது அலைவரிசை. அதற்கடுத்தது, அந்த வீடு யாருடையது என்ற கேள்வி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது நாலாவதாக வந்தால் போதும்.

சுவரில் இருப்பது மூன்று துளை பிளக் பாயிண்ட். மேல் துளை எர்த். பிளக்கின் நீள முள் அதில் நுழைந்தால்தான் கீழ்த் துளைகளின் மூடி திறக்கும். குழந்தைகள் விரலையோ கம்பியையோ விட்டுவிடக் கூடாதென்று ஆங்கிலேயர் யோசித்துச் செய்த ஏற்பாடு இது. நம்மவர் அந்த யோசனையை ஒரு பேனா மூடியால் முறியடித்தார்கள். மூடியை மேல் துளையில் செருகு, இரண்டு முள் பிளக்கைக் கீழே தள்ளு, வேலை முடிந்தது. கைப்பேசி சார்ஜருக்கு இது ஓடிவிடும். ஆனால் கணினியைக் காப்பாற்ற வாங்கும் சர்ஜ் புரொடெக்டர், மிகையாக வரும் மின்சாரத்தை எர்த் கம்பி வழியாக மண்ணுக்குத் திருப்பிவிட்டே பிழைப்பு நடத்துகிறது. எர்த் இல்லாத வீட்டில் அதன் சிவப்பு விளக்கு நன்றாக எரியும், அவ்வளவுதான். மின்னலும் நமக்கு அபூர்வ விருந்தாளி இல்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 200 நாள் இடி இடிக்கிறது, நாம் நெகிரி செம்பிலானில் இருப்பதற்காக அது சலுகை காட்டுவதில்லை. அது கூரையில் விழ வேண்டும் என்பதும் இல்லை. தூரத்துக் கம்பத்தில் விழுந்து, கம்பி வழியாக நடந்து வந்து வீட்டுக்குள் நுழையும். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் தோட்ட வீட்டுக்கு நிர்வாகம் மின்சாரம் தர வேண்டும் என்கிறது. சட்டத்தில் சொல்லாத மின்சாரமும் இப்படி வந்து சேர்கிறது. ஆகவே முதல் செலவு, எர்த் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வயர்மேனுக்கு.

இந்த இடத்தில் மேசைக் கணினிக் கட்சிக்காரர் எழுந்து நிற்பார். அதே காசுக்குத் திரை பெரிது, வேகம் கூட, கெட்டுப்போன பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பார். மூன்றும் உண்மை. ஆனால் அவர் கணக்கில், மின்சாரம் போனால் கணினியைத் தாங்கும் யூபிஎஸ் விலை இல்லை. மடிக்கணினியின் பேட்டரியே ஒரு யூபிஎஸ்தான். வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளை பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். மேலும் லயத்து வீடு நமதில்லை, வேலை இருக்கும் வரைதான் வாசம். நீலாய், லாபு பக்கம் தோட்டமே வீடமைப்புப் பகுதியாக மாறிவருகிறது. செம்பனை போய் 'கேட்டட் கம்யூனிட்டி' வரும் நாளில் கையோடு தூக்கிப் போகக்கூடிய கணினிக்கு ஒரு மதிப்பு உண்டு.

கைப்பேசி போதாதா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி, படிக்கிற பிள்ளை மூன்று, கைப்பேசியோ அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். ஐந்தங்குலத் திரையில் கட்டுரை எழுதிய பிள்ளையின் கழுத்தைக் கேட்டால் மீதியைச் சொல்லும். அந்த ஆண்டு இறுதியில் 500 பள்ளிகளின் 1,50,000 மாணவர்களுக்குக் கணினி தரும் செர்டிக் திட்டத்தை அரசாங்கம் அறிவித்ததும் இதனால்தான். ஆனால் அதே 2020-இல் சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத மரம் ஏறினாரே, அவருக்குக் குறைந்தது கணினி இல்லை, அலை. ஆகவே வாங்குமுன் இரண்டு நிறுவனங்களின் சிம்மை இரவல் வாங்கி வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கோழிக்கூண்டுப் பக்கம் மட்டும்தான் அலை எடுக்கிறது என்றால், கணினியைக் கோழிக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

காசு விஷயத்தில் அரசாங்கம் சும்மா இருந்ததில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்கலாம் என்றார்கள். கணினியை விட்டுவிட்டு ரசீதை மட்டும் வாங்கிய புத்திசாலிகள் பெருகவே, திட்டத்தைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள். வைரஸ் தாக்காத, பழுதே ஆகாத கணினிகள் இந்த நாட்டில் அவை மட்டும்தான். இன்றைக்கு வருமான வரியில் 2,500 வெள்ளி வரை வாழ்க்கைமுறைக் கழிவு உண்டு, கணினியும் அதில் அடக்கம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளமாக இருக்கும் மாதம் 1,700 வெள்ளியில் குடும்பம் நடத்துகிறவருக்கு வரியே வராது; கழிவு அவருக்கு மொட்டைத்தலைக்குச் சீப்பு. மிஞ்சுவது தவணை. கடையில் விலையைப் பொடி எழுத்திலும் 'மாதம் 99 மட்டுமே' என்பதைப் பூசணிக்காய் அளவிலும் போட்டிருப்பார்கள். 99-ஐ 36 மாதத்தால் பெருக்கினால் 3,564. பெருக்கிப் பார்க்கக் கைப்பேசியே போதும், இதற்குக் கணினி வேண்டாம்.

இனிப் பெட்டிக்குள் போகலாம். ஐ7 என்ற ஒட்டுவில்லையில் மயங்க வேண்டாம். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, மூன்றாம் தலைமுறை ஐ7-ஐ அநாயாசமாக முந்திவிடும். வில்லையில் குடும்பப் பெயர்தான் இருக்கிறது, வயது இல்லை. வயதைப் பார்க்க முழு எண்ணையும் கேளுங்கள். ஐ5-7200யு என்றால் கோட்டுக்குப் பின் வரும் 7தான் தலைமுறை. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பழைய மடிக்கணினி வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இண்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே 7 என்றால் மலிவு ஏன் என்று புரிந்துவிடும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் பழைய அலுவலகக் கணினியே நல்ல வாங்கல், மச்சான் முகம் சுளித்தாலும். ரேம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது, 16 என்றால் நிம்மதி. சேமிப்பு எஸ்எஸ்டியாக இருக்கட்டும். பள்ளிக்கூடப் பாடத்துக்கு 4 ஜிபி போதாதா என்பவர்கள் ஒரு காணொளி வகுப்பையும் பத்துப் பக்கப் பயிற்றியையும் சேர்த்துத் திறந்து பார்க்கட்டும். தமிழ் எழுதப் பிரத்தியேகக் கணினி எதுவும் வேண்டாம். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985-லேயே இந்த மண்ணில் பிறந்துவிட்டது, தமிழ் விசைப்பலகை இன்று எல்லாக் கணினியிலும் கிடைக்கிறது. ஏழு வண்ண விளக்கைப் பற்றி ஒன்றுதான் சொல்ல முடியும்: அதுவும் மின்சாரத்தில்தான் எரிகிறது.

கடைசியாக உத்தரவாத அட்டை. வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேளுங்கள். தூக்கிப் போவதென்றால் சர்வீஸ் சென்டர் சிரம்பானிலா, கோலாலம்பூரிலா என்பதையும் கேளுங்கள். பகாவ் பக்கத்திலிருந்து அது ஒரு நாள் சம்பளம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதற்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது என்ற சின்ன எழுத்தைப் படியுங்கள். மின்னல், ஏற்ற இறக்கமான மின்சாரம், ஈரம், எறும்பு, கரப்பான்பூச்சி. எழுதியவர் நம் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும்.