தற்புகழ்ச்சிக்கு ஓர் உபகாரச் சம்பளம்

எத்தனை துறைகளில் கரைகண்டவனாயினும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது புலவனுக்குத் தகாது என்று விதித்த பவணந்தி முனிவர், உடனேயே மனமிரங்கி நான்கு விலக்குகளையும் அருளியிருக்கிறார். அரசனுடைய சபைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவே இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டியபோதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் தற்புகழ்ச்சி குற்றமாகாது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய அப்பெரியார், இளந்தலைவர்களை அயல்நாட்டுக்கு அனுப்பிவைக்கும் உபகாரச் சம்பளங்களின் விண்ணப்பம், தேர்வுக்குழு, குழு விவாதம், போட்டியாளர் ஆகிய நான்கையும் ஞானதிருஷ்டியில் கண்டுதான் அச்சூத்திரத்தைச் செய்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்தத் தர்மத்துக்கு மூலபுருஷர்களில் ஒருவர் ஸெஸில் ரோட்ஸ். தென்னாப்பிரிக்க வைரத்தில் பெருஞ்செல்வம் திரட்டி, அக்கண்டத்துக் குடிகளின் நிலங்களையும் வளைத்துக்கொண்டு, 1902-இல் காலமான அவர், தம் பணத்தில் ஆக்ஸ்போர்டுக்கு வரும் இளைஞர்களுக்குக் கல்வி மட்டும் போதாது, விளையாட்டில் தேர்ச்சியும், எளியோரிடம் பரிவும், பள்ளிப் பருவத்திலேயே தலைமை தாங்கும் இயல்பும் வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்தார். சுரங்கத்துக்கும் சர்வகலாசாலைக்குமாக அலைந்து, 1873-இல் சேர்ந்து 1881-இல் பட்டம் பெற்ற அந்தப் புண்ணியவானை அவருடைய தேர்வுக்குழுவே தேறவிட்டிருக்குமா என்பது வேறு விஷயம். அவர் பணத்தில் படித்துத் திரும்பிய அமெரிக்கர்களுள் ஒருவர், பிற்காலத்தில் செனட்டரான ஃபுல்பிரைட். யுத்தம் முடிந்தபின் அயல்நாடுகளில் தேங்கிக் கிடந்த அமெரிக்கத் தளவாடங்களை விற்ற காசில் மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளலாம் என்று 1946-இல் அவர் சட்டம் கொண்டுவந்தார். 1950-இல் இந்தியாவும் உடன்படிக்கை செய்துகொண்டது. பழைய ராணுவ லாரியைப் பண்டிதனாக மாற்றிய ரசவாதி வேறு எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

விண்ணப்பதாரன் நன்னூலைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். அவனுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதும் என் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கோ எந்தச் சூத்திரமும் துணையில்லை. பழைய மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தான். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கவேண்டும், சமூகத்தில் மாறுதலை உண்டாக்கியிருக்க வேண்டும், எத்தனை பேரை நடத்திச் சென்றார் என்பதற்குச் சான்று வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. தன் ஊர் ஏரியைத் தூர்வாரிய திருப்பணியில் இருநூறு பேருக்குத் தலைமை வகித்ததாக அவன் எழுதியிருந்தான். அந்தக் காட்சியைக் காண நானும் போயிருந்தேன். மதகின்மேல் உட்கார்ந்திருந்த நீர்க்கட்டிக் கிழவர், வெற்றிலையைக் குதப்பியபடியே, "அங்கே வெட்டாதே தம்பி, கரை சரிஞ்சிடும், இப்படி வா" என்று கைத்தடியால் காட்ட, நமது தலைவன் முழங்கால் சேற்றில் நின்று மண்கூடை தூக்கிக்கொண்டிருந்தான்.

ஆகவே, அவனுடைய கல்வி ஒழுக்கங்களை வழக்கமான விசேஷணங்களால் அலங்கரித்த கையோடு, 'விஷயம் தெரிந்தவர் காட்டிய இடத்தில் வெட்டுவான்' என்று ஒரு வாக்கியத்தையும் கடிதத்தில் சேர்த்தேன்.

"சார், கூலிக்கு வந்தவன் என்றல்லவா நினைப்பார்கள்?" என்று அவன் கெஞ்சியும் நான் அதை அடிக்கவில்லை. உள்ளூர்க் கிழவர் சொல்வதையே காதில் வாங்காதவனைக் கடல் கடந்து அனுப்பி, அந்நாட்டார் சொல்வதைக் கேட்டு வா என்பதில் என்ன பிரயோஜனம்?

நேர்முகத் தேர்வு முடிந்து வந்தவன் முகத்தில் அவ்வளவாகத் தெளிவில்லை. கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் கிழவரைப் பற்றியவையாம். முடிவில் குழுவின் தலைவி அவருடைய வயதை விசாரித்தாராம். எழுபத்தெட்டு என்று கேட்டதும், படிவத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, மெத்தவும் வருத்தப்பட்டாராம்.