வீட்டுப்பாட விஞ்ஞானி

தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிப்பார். கையில் அப்பா கழித்துப்போட்ட பழைய போன் இருக்கும். திரையில் விரிசல், பின்மூடிக்குப் பதில் ரப்பர் பேண்ட். சார்ஜர் வயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். அந்தக் கோணம் உலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

வயதைப் பார்த்தால் ‘அவன்’ என்றோ ‘அவள்’ என்றோ எழுதலாம். அடுத்த வீட்டு ஓய்வூதியத் தாத்தா இவரிடம் காட்டும் பணிவைப் பார்த்தபின் எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. நவம்பர் பிறந்துவிட்டால், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒன்றிய அரசின் ஓய்வூதியக்காரர் அரசாங்கத்துக்கு நிரூபித்தாக வேண்டும். அதற்கான டிஜிட்டல் சான்றிதழான ஜீவன் பிரமாண் 2014இல் வந்தது. இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே முகத்தைப் போனில் காட்டினால் போதும். காட்டுவது தாத்தா; போனைப் பிடிப்பது இவர். “தாத்தா, நேரா பாருங்க. கண்ணைச் சிமிட்டுங்க. இன்னொரு தடவை. சரி, இருக்கீங்க.” இந்த வயதில் இப்படி ஒரு தீர்ப்பு சொல்லும் அதிகாரம் வேறு யாருக்குக் கிடைக்கும்? கூலி, இரண்டு கை முறுக்கு.

இவ்வளவு திறமைசாலிக்கு வீட்டுப்பாடம் எழுத மட்டும் கை வராது. ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையிலிருந்து தப்பிப்பதற்காக ஐந்து மணி நேரம் உழைப்பார். உழைப்பு என்றால் சாதாரண உழைப்பு அல்ல. அலுவலகத்தில் அப்படி உழைத்தால் அப்பாவுக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கும்.

இவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இனம் வேறு. அது 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த நாள் முதல் வேகமாகப் பெருகி வருகிறது. ‘மழைநீர் சேகரிப்பு – கட்டுரை’ என்று கேட்கும், வந்ததை அப்படியே நோட்டில் இறக்கும். எவ்வளவு அப்படியே என்றால், ‘நிச்சயமாக! நீங்கள் கேட்ட கட்டுரை இதோ’ என்ற முதல் வரியும் சேர்ந்தே நோட்டுக்குள் இறங்கும். நம் காலத்தில் கோனார் உரைக்குப் பழுப்பு அட்டை போட்டு மறைத்தவர்கள்கூடக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் செய்தார்கள்.

நம்மவர் அந்தப் பக்கம் போகாமல் இல்லை. போனாலும் கலைஞனாகப் போவார். பிழையே இல்லாத கட்டுரை வந்தால் தமிழ் மிஸ்ஸுக்குச் சந்தேகம் வரும் என்பது இவருக்குத் தெரியும். ஆகவே பிழைகளைத் தாமே விதைப்பார். எந்தப் பிழை? பழைய நோட்டுகளை விரித்து வைத்து, மிஸ் சிவப்பு மையில் சுழித்த இடங்களையெல்லாம் ஆராய்ந்து, தமக்கு வழக்கமாக வரும் பிழைகளைப் பட்டியல் போடுவார். ‘அரை’ எங்கே, ‘அறை’ எங்கே. ‘மனம்’ எது, ‘மணம்’ எது. சரியானது தெரிந்தால்தானே தவறாகப் போட முடியும்? ஆறு வருடமாக மிஸ்கள் தொண்டை வற்றச் சொல்லியும் ஏறாத றகர ரகர வேறுபாடு, ஏமாற்று வேலைக்காக ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏறிவிட்டது.

இவர் எங்கிருந்து முளைத்தார் என்று ஆராய வேண்டியதில்லை. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது இவர் தொடக்க வகுப்பில் இருந்தார். வகுப்பறை என்றால் ஆறு அங்குலத் திரை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை பள்ளிக்கூடம் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதற்குள் இவர் மெய்யெழுத்துக்கு முன்பே ‘மியூட்’ கற்றிருந்தார். மிஸ் கேள்வி கேட்கும் சமயம் பார்த்து, திரையில் தம் பெயரை அழித்துவிட்டு ‘ரீகனெக்டிங்’ என்று எழுதிவைத்த பிள்ளைகள் இந்த அணியில்தான் உண்டு. மிஸ்ஸும் பாவம், அந்தப் பெயருடைய பிள்ளைக்கு நெட்வொர்க் வருவதற்காகக் காத்திருந்தார்.

இவருடைய சாதனைகளில் எனக்கு மிகப் பிடித்தது இம்போசிஷன் விவகாரம். வகுப்பில் பேசியதற்காகத் திருக்குறளில் ஓர் அதிகாரத்தை ஐந்து முறை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். பத்துக் குறளுக்கு எழுபது சீர். ஐந்து முறைக்கு 350. உட்கார்ந்து எழுதினால் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். இவர் உட்காரவில்லை. தம் கையெழுத்தையே எழுத்துருவாக்கிவிட்டால், இந்த இம்போசிஷன் மட்டுமல்ல, பத்தாம் வகுப்பு வரை வரப்போகும் எல்லா இம்போசிஷனும் ஒரே தட்டில் முடிந்துவிடுமே என்று கணக்குப் போட்டார். தொலைநோக்கு என்றால் இது.

கையெழுத்தை எழுத்துருவாக்கித் தரும் தளங்கள் இணையத்தில் உண்டு. கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் எழுத்தையும் எழுதிப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். ஆங்கிலத்துக்கு என்றால் பெரியதும் சிறியதுமாக 52 கட்டத்தில் வேலை முடிந்துவிடும். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. காலையும் கொம்பையும் தனியாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம், 247ஐயும் எழுத வேண்டியதில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இவருக்கு அது மூன்றாம் நாள்தான் தெரியவந்தது. அதற்குள், தமிழ் கூறு நல்லுலகில் யாருக்கும் தேவைப்படாத ‘ஙௌ’ வரை அழகாக எழுதி முடித்திருந்தார். நெடுங்கணக்கு முழுவதையும் கோடு மீறாமல் எழுதிய ஏழாம் வகுப்புப் பிள்ளை மாநிலத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

எழுத்துரு சரியாக வருகிறதா என்று அதே அதிகாரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்ததில் பத்துக் குறளும் மனப்பாடம் ஆகிவிட்டன. பிரிண்ட் எடுத்து வைத்ததும் மிஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அரை நிமிடம் பார்த்தார். “எல்லாக் ‘க’வும் ஒரே மாதிரி இருக்கே, எப்படி?” என்றார். தீர்ப்பு: அதே அதிகாரம், பத்து முறை. இந்தத் தடவை பேனாவால்.

பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியையும் இவர் விட்டுவைக்கவில்லை. ஜூலை 15, காமராசர் பிறந்த நாள், பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள்; அதற்கு ஒரு கட்டுரை. பால்கனியில் நின்று போனிடம் முழங்கினார். கீழே காய்கறி வண்டி வந்ததைக் கவனிக்கவில்லை. போன் பாரபட்சம் பார்க்காமல் இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக்கொண்டது: ‘பெருந்தலைவர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்து தக்காளி கிலோ நாற்பது சின்ன வெங்காயம் அறுபது ஏழைப் பிள்ளைகளின் பசியைப் போக்கினார்.’ படித்துப் பார்க்காமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். மிஸ்ஸும் படித்துப் பார்க்காமல் ‘நன்று’ போட்டார். இரு தரப்பும் சமம் என்பதால் இதில் நான் யாரையும் குறை சொல்லப்போவதில்லை.

இனி நீர்ச் சுழற்சி சார்ட் கதைக்கு வருவோம். முன்பெல்லாம் பரீட்சை உண்டு, பரீட்சை மட்டும்தான் உண்டு. 2012–13இல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடும் வந்தது. நூறில் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு; சார்ட்டும் அதில் சேரும். அன்றிலிருந்து தமிழ்நாட்டு வீடுகளில் இரவு ஒன்பது மணிக்கு மேல் சார்ட் பேப்பர் தேடும் வழக்கம் நிலைபெற்றது. வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: ‘நாளை நீர்ச் சுழற்சி சார்ட் கொண்டுவரவும்.’ உடனே அம்மாக்கள் களத்தில் இறங்குவார்கள். ‘மிஸ், வெள்ளை சார்ட்டா, கலர் சார்ட்டா?’ ‘மிஸ், என் பையனுக்குக் காய்ச்சல், திங்கள்கிழமை தரலாமா?’ ஸ்டேஷனரிக் கடைக்காரர் பாதி இறக்கிய ஷட்டரை மறுபடி ஏற்றுவார்.

நீர்ச் சுழற்சிக்கு என்ன வேண்டும்? ஒரு கடல், ஒரு மலை, ஒரு சூரியன், இரண்டு மேகம், நாலு அம்புக்குறி. அவ்வளவுதான். இவருக்கு அது அவமானமாகப் பட்டது. ஸ்கிராட்சில் செய்யப்போவதாக அறிவித்தார். அமெரிக்காவில் எம்ஐடி 2007இல் வெளியிட்ட, கட்டளைக் கட்டங்களை இழுத்துக் கோத்தால் ஓடுகிற நிரல்மொழி அது. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடமும் அதைப் பற்றியதுதான். திறந்ததும் ஓர் ஆரஞ்சு நிறப் பூனை நிற்கும். அதை நீக்கிவிட்டு மேகத்தைக் கொண்டுவர வேண்டும். நீக்கத் தெரியாமல் இல்லை, மனம் வரவில்லை. எனவே கடல் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, கடைசியில் பூனை நனைந்தது.

அதோடும் நிற்கவில்லை. ஆவியாதலுக்குச் சாட்சியாக அடுப்பில் கொதித்த உலை. ஆவி குளிர்வதற்கு, அதன்மேல் பிடித்த ஃப்ரிட்ஜ் தட்டு. தட்டின் அடியில் துளி கோத்து, கனத்து, விழுகிற வரை போனை அசையாமல் வைத்திருக்க வேண்டுமே. ஜாடிமேல் ஜாடி வைத்து, பஞ்சாங்கத்தைப் பாரம் ஏற்றி, ஒரு ஸ்டாண்ட் கட்டினார். சாம்பார் தாளிக்க வந்த அம்மா வாசலிலேயே நிறுத்தப்பட்டார். அன்று ராத்திரி வீட்டில் தயிர்சாதம்.

படம் மூன்று நிமிடம். அம்மாவின் யூடியூப் கணக்கில் ஏற்றியாயிற்று. ஆனால் மிஸ் கேட்டது சார்ட்! இங்கேதான் இவருடைய மேதைமை உச்சத்தைத் தொட்டது. வெள்ளை சார்ட்டை விரித்து, அதில் க்யூஆர் குறியீட்டைக் கையாலேயே வரைந்தார். 1994இல் ஜப்பானில் கார் உதிரி பாகங்களை அடையாளம் காணக் கண்டுபிடித்தது. 2018 முதல் நம் பாடப்புத்தகப் பக்கங்களிலும் இருப்பது. படத்தின் யூடியூப் முகவரிக்கு வந்த குறியீடு 29க்கு 29. மொத்தம் 841 கட்டம். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றாக நிரப்பினார். பாட்டி எட்டிப் பார்த்தார். “என்ன கண்ணு இது, கோலமா? ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இல்லையே.” அப்பாவுக்கு வேறு கவலை. “நடுவுல ரெண்டு கட்டம் தப்பாப் போயிடுச்சே?” “பரவால்லப்பா. கால்வாசி அழிஞ்சாலும் படிக்கற மாதிரிதான் எடுத்திருக்கேன்.” பொறியியல் படித்த அப்பா வாயை மூடிக்கொண்டார்.

நாலு அம்புக்குறிக்குப் பயந்து 841 கட்டம். இரவு பதினொன்றரை ஆயிற்று.

மறுநாள் வகுப்பில் மிஸ் தம் போனை எடுத்துக் குறியீட்டுக்கு நேரே பிடித்தார். உண்மையிலேயே படித்தது! வகுப்பே எழுந்து நின்றது. முதலில் நகைக்கடன் விளம்பரம் வந்தது. அதைத் தள்ளியதும் பூனை வந்தது. உலை கொதிக்கத் தொடங்கியபோது மணி அடித்துவிட்டது. ஐந்துக்கு மூன்று. காரணம், ‘சார்ட்டில் படம் இல்லை.’ பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு அப்பா வரைந்த மேகம், ஐந்துக்கு ஐந்து. மிஸ்ஸைத் திட்டிப் பயனில்லை. வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகள், நாற்பது நிமிடம். சுவரில் மாட்டிய சார்ட்டை நடந்துகொண்டே மதிப்பிடலாம். தட்டில் நீர்த்துளி கோத்து விழும் வரை காத்திருக்க அந்தக் கால அட்டவணையில் இடமில்லை.

மதிப்பெண் குறைந்ததற்கு இவர் வருந்தியதாகத் தெரியவில்லை. அந்த வாரமே அப்பாவைச் சென்னை ரிச்சி தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய் ஆர்டுயினோ பலகையும், மண் ஈரம் பார்க்கும் சென்சாரும், குட்டி மோட்டாரும் வாங்கிவந்தார். பாட்டியின் துளசிமாடத்தில் பொருத்தினார். மண் காய்ந்தால் தண்ணீர் தானாக ஊற்றும். சென்சார் துருப்பிடித்தது யாருக்கும் தெரியவில்லை. மாடம் ராத்திரியெல்லாம் தானாக நிரம்பியது, துளசி அழுகிப்போனது, கீழ் வீட்டுக்காரர் குடையோடு வந்து கதவைத் தட்டினார்.

இவர் குடியிருக்கும் வீட்டாருக்கும், மேலும் கீழும் குடியிருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாளான பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். பள்ளியில் கண்காட்சி உண்டு. மிக்ஸி மோட்டாரை எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள். ஸ்குரூ டிரைவரை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.