எல்லோரும் நமக்கு பையர்தான்

திருப்பூர்க்காரனிடம் போய் ‘நீ எந்தக் கட்சி?’ என்று கேட்டால், ‘எத்தனை பீஸ்?’ என்றுதான் திருப்பிக் கேட்பான். தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சிக்கும் மத்தியானம் அதன் பரம எதிரிக்கும் ஒரே டேபிளில் டீ-ஷர்ட் தைப்போம். இரண்டு மூட்டையும் மாறிப்போகாமல் வண்டி ஏற்றுவதுதான் எங்கள் அரசியல் நாகரிகம். உலகக் கோப்பைக் கால்பந்து வந்தால் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் ஓவர்லாக் ஓடும். எவன் ஜெயித்தாலும் ரிப்பீட் ஆர்டர் வரவேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். இந்த ஊரில் வளர்ந்து, தலை நரைத்த பிறகு ஹாக்கி ரசிகனாகி, ஒரே ஒரு டீமை மட்டும் நேசித்து மீதியை எல்லாம் முறைக்க வேண்டும் என்றால் எப்படி?

இந்த வேலையை எனக்கு வைத்தவன் எங்கள் யூனிட்டில் பேட்லாக் மெஷின் ஓட்டும் தம்பி. சொந்த ஊர் ஒடிசாவில் சுந்தர்கர் மாவட்டம். வந்த புதிதில் ‘கைமடி’யைத் தவிர வேறு தமிழ் தெரியாது. இப்போது அட்வான்ஸ் கேட்கும்போது என்னைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுகிறான். 2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. அவசர ஷிப்மென்ட் என்பதால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மத்தியானம் பேட்லாக் சத்தம் மட்டும் திடீரென்று நின்றது. போய்ப் பார்த்தால், நூல் கோனில் செல்போனைச் சாய்த்துவைத்து, கையில் பாதி தைத்த பீஸோடு உட்கார்ந்திருக்கிறான். பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. இந்தியாவும் பிரிட்டனும்.

“எங்கூர்க்காரருங்ணா. வெளிய அனுப்பிட்டாங்க” என்றான். குரல் உடைந்திருந்தது.

17வது நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. அறுபது நிமிட ஆட்டத்தில் மிச்சம் முழுக்கப் பத்துப் பேர்தான். ‘சரி, முடிந்தது, மெஷினைப் போடு’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஹர்மன்பிரீத் ஒரு கோல் போட்டார். பிரிட்டன் திருப்பிப் போட்டது. அப்புறம் அவர்கள் அடிக்க அடிக்க, நம்ம கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் காலால், கையால், தலைக்கவசத்தால் தடுத்துக்கொண்டே இருந்தார். கட்டிங் மாஸ்டர் வந்தார், செக்கிங் அக்காக்கள் வந்தார்கள், டீ கொண்டுவந்த பையன் டம்ளரோடு நின்றுவிட்டான். 1-1இல் முடிந்து, ஷூட் அவுட்டில் இந்தியா 4-2. ‘ஷிப்மென்ட் என்னாச்சு?’ என்று சத்தம்போட வேண்டிய ஆள் நான்தான். நான் ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தேன்.

அன்றிலிருந்து டீ டைமில் பாடம் ஆரம்பமானது. ரோஹிதாஸும் முன்னாள் கேப்டன் திலீப் டிர்க்கியும் சவ்னாமாரா என்ற ஒரே கிராமத்துக்காரர்கள் என்று தெரிந்துகொண்டேன். மட்டையின் தட்டையான பக்கத்தால்தான் அடிக்க வேண்டும், பந்து காலில் பட்டால் தப்பு, கோலுக்கு முன்னால் இருக்கும் ‘டி’ வளைவுக்கு வெளியே இருந்து அடித்த கோல் செல்லாது, பச்சை அட்டை என்றால் இரண்டு நிமிடம் வெளியே. இதெல்லாம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. என்னை முழுசாக விழவைத்தது வேறொரு சேதி. அவர்கள் பக்கத்துக் கிராமப் போட்டிகளில் ஜெயித்த டீமுக்குப் பரிசு ஆட்டுக்கிடா. ‘கஸ்ஸி’ டோர்னமென்ட் என்றே பெயர். ஊரே சேர்ந்து ஆடி, ஜெயித்தவர்கள் கிடாயைப் பிடித்துக்கொண்டு வீடு போவார்களாம். இதைவிட நாணயமான பரிசு நான் கேள்விப்பட்டதில்லை. வெள்ளிக் கோப்பையை எவனாவது குழம்பு வைத்திருக்கிறானா?

2017க்குப் பிறகு நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் அந்த டிசம்பரில் மறுபடி வந்தது. ஆண்களில் எட்டு டீம். “ஒண்ணப் புடிச்சுக்கோங்ணா, டீம் இல்லாமப் பாத்தா உப்பில்லாச் சோறு” என்றான் தம்பி. என்னிடம் இருந்த ஒரே அளவுகோல் துணி. எந்த ஜெர்சியைப் பார்த்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பி, தையல் சரம் அறுந்திருக்கிறதா, காலர் ரிப் நெளிகிறதா என்று விரலால் நீவிப் பார்க்காமல் எனக்கு ஓடாது. கல்யாண வீட்டில் கட்டிப்பிடித்து வாழ்த்துகிற சாக்கில் மாப்பிள்ளையின் சட்டைக் கீழ்மடியைத் தடவிப் பார்த்தவன் நான் என்று என் வீட்டம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

கனடாவில் இருக்கும் மாமா பையனுக்கு போன் போட்டேன். “எந்த ஹாக்கி மாப்ள, ஐஸா தரையா?” என்றான். அவன் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஆள். அந்த டீம் கடைசியாக ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது 1967இல். அண்ணா முதலமைச்சரான வருஷம். அதன்பிறகு இங்கே எத்தனையோ ஆட்சி மாறிவிட்டது, அங்கே அந்த அலமாரி மட்டும் திறக்கவில்லை. மச்சான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் வசந்த காலத்தில் துக்கம் அனுஷ்டிக்கிறான். “கோப்பையப் பாத்து டீம் எடுக்காத மாப்ள, பக்கத்து வீட்டுக்காரன் எந்த டீமோ அத எடு. சண்டைக்காச்சும் ஆள் வேணும்” என்றான்.

பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறதே என்று தமிழ்நாடு டிராகன்ஸ் பக்கம் போனேன். அரியலூர்க்காரர், கோவில்பட்டியில் ஹாக்கி படித்த கார்த்தி செல்வம் அதில் இருந்தார். சரி, நம்ம பையன். ஆனால் அந்த சீசனில் ஆண்கள் ஆட்டம் பெரும்பாலும் ரூர்கேலாவில். அது தம்பியின் சுந்தர்கர் மாவட்டம். நம்ம டீம் அவன் ஊரில் ஆடுகிறது, அவன் நம்ம ஊரில் தைக்கிறான். இவனாவது ஒடிசாவின் கலிங்கா லான்சர்ஸுக்குக் கொடி பிடிப்பான், மச்சான் சொன்ன சண்டைக்கு ஆள் கிடைக்கும் என்று பார்த்தால், “நானும் டிராகன்ஸுங்ணா” என்கிறான். ரோஹிதாஸை ஏலத்தில் டிராகன்ஸ் எடுத்துவிட்டதாம்! தமிழ்நாட்டு டீமுக்கு என்னைவிடப் பழைய ரசிகன் ஓர் ஒடியாக்காரன். டிராகன்ஸ் அந்த முறை நான்காம் இடம். கோப்பை பெங்கால் டைகர்ஸுக்குப் போனது.

அடுத்த ஜூலையில் இன்னொரு வம்பு. டிஎன்பிஎல் கிரிக்கெட்டில் ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ், திண்டுக்கல்லிலேயே வைத்து திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன் வித்தியாசத்தில் நொறுக்கிக் கோப்பையைத் தூக்கியது. ‘டிராகன்ஸ் ஒழிக’ என்று தொண்டை வறளக் கத்தியவன், ஜனவரியில் ஹாக்கிக்கு ‘டிராகன்ஸ் வாழ்க’ என்று கத்த வேண்டும். கட்சி டீ-ஷர்ட் தைத்த அனுபவம் இங்கேதான் கை கொடுத்தது.

அதற்குள் 2025 நவம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்துவிட்டது. சின்னம் யார் தெரியுமா? ‘காங்கேயன்’. எங்கள் மாவட்டத்துக் காங்கேயம் காளை! 24 நாடு ஆடுகிற போட்டியில் திருப்பூர் மாவட்டத்தின் பிரதிநிதி ஒரு மாடு என்பதில் எனக்கு ஏகப் பெருமை. ஸ்ரீஜேஷ் கோச்சாக இருந்த இந்தியப் பையன்கள் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 வாங்கி, வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசி கால்மணி நேரத்தில் நான்கு கோல் அடித்தார்கள். அதெல்லாம் சரி. எனக்கு மனசில் நின்றது மதுரையில் இந்தியா ஓமனை 17-0 என்று துவைத்த ஆட்டம். பாகிஸ்தான் வரவில்லை என்றதும் அந்த இடத்துக்குக் கூப்பிடப்பட்டவர்கள் ஓமன்காரர்கள். பெரிய கம்பெனி ஆர்டரைக் கைவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக வந்து கை கொடுத்து, கடைசியில் டெபிட் நோட்டும் வாங்கிப்போகும் ஜாப் ஒர்க்காரர் மாதிரி. பன்னிரண்டாவது கோலுக்கு மேல் நான் ஓமனுக்குக் கைதட்ட ஆரம்பித்துவிட்டேன். தம்பி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

பேசத் தொடங்கிய அன்றே எழுத்து மூலம் உறுதி கேட்டான். வேஸ்ட் துணி மூட்டையிலிருந்து ஒரு வெள்ளை பிட் எடுத்து, மார்க்கரில் ‘டிராகன்ஸ் மட்டும்’ என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினான். கட்டிங் மாஸ்டர் சாட்சி. கீழே பொடி எழுத்தில் ஒரு ஷரத்து: டிராகன்ஸ் கோப்பை வாங்கினால் முதலாளி யூனிட்டுக்கு ஒரு கிடா வெட்ட வேண்டும்.

கன்னிவாடிச் சந்தைப் பக்கம் போனபோது சும்மா விலை விசாரித்தேன். அன்றிலிருந்து, நான்காம் இடம் அப்படியொன்றும் மோசமில்லை என்று படுகிறது.